நாற்பத்து மூன்று

கரடிப்போக்குச் சந்திக்கு இந்தப் பக்கம்
டயர்க் கடைக்கும் விதைநெல் கடைக்கும் நடுவில்
கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை.
யூதரின் சாப்பாடாம்.
சம்பளம் விழுந்த வெள்ளிக்கிழமை
சுகிர்தாவும் நானும்
முகமாலை மண் சப்பாத்தில் காயமுதல்
உள்ளே போனோம்.

ஏசிக் குளிர்.
நீள வயரில் தொங்கும் மஞ்சள் குமிழ்கள்.
போத்தல் போத்தலாய்க் கெக்கரிப் பிஞ்சு,
ஆனையிறவு உப்புத் தண்ணீருக்குள்
சதகுப்பைத் தழையோடு சத்தமில்லாமல் புளித்தபடி.

வாசலில் ஒரு சிவப்பு மெஷின்
நாக்கு நீட்டுவதுபோல் துண்டு நீட்டியது.
நாற்பத்து மூன்று.
மொன்றியலில் எல்லாக் கடையும் இப்படித்தானாம்.

இறைச்சி பதினொரு நாள் உப்பில் கிடந்ததாம்,
பிறகு புளியம் விறகுப் புகையில் ஒரு முழுப் பகல்.
மல்லியும் மிளகும் கருகி ஒட்டிய பெரிய துண்டை
தவயோகன் நாருக்குக் குறுக்கே வெட்டினார்.
நான் அவர் கையைத்தான் பார்த்தேன்.
கண்ணிவெடி கிளறுகிறவள்
யாரிடமும் முதலில் பார்ப்பது கையை.
அவசரப்படாத கை.
மிரியம் என்ற முதலாளியிடம் பத்து வருசம் தட்டுக் கழுவி
பதினோராம் வருசம்தான் கத்தி கிடைத்ததாம்.

"நாற்பத்து மூண்டு!"

நான் எழும்பவில்லை.

"நாற்பத்து மூண்டு!"

செட்டிகுளத்து முகாமில் எனக்குப் பதினாறு.
சோற்றுக்கு ஒரு இலக்கம்
தண்ணிக்கு ஒரு இலக்கம்
விசாரணைக்கு வேறொன்று.
கூப்பிட்டு எழும்பாத இலக்கத்தை
அடுத்த நாளும் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் நாள் கூப்பிடவில்லை.

கடையைச் சுற்றிப் பார்த்தேன்.
யாரோ ஒருவர் தன் துண்டைச் சிறிதாக, இன்னும் சிறிதாக
மடித்துக்கொண்டிருந்தார்.
பச்சைச் சேலைக்காரி கடுகுப் போத்தலுக்குக் கீழே
தன்னுடையதை ஒளித்திருந்தாள்.
தவயோகன் தொண்ணூற்று நாலில் போனவர்.
"என்ன, ஒருத்தரும் இல்லையோ?" என்றார்.

"அண்ணை, இவ ரூபி," என்றாள் சுகிர்தா.

"ரூபி!" என்று கூப்பிட்டார், அதே குரலில்.
கால் எழும்பியது.
"நாற்பத்து நாலு!" என்றார் உடனே.
ஒன்றும் விளங்கவில்லை அவருக்கு.

"ஒரு பால்தேத்தண்ணியும்," என்றேன்.
"இறைச்சியோட பால் இல்லைத் தங்கச்சி."
"பால் முடிஞ்சுதோ?"
"பால் கிடக்கு. இறைச்சியோட இல்லை. அவையின்ர முறை."
"அப்ப முறைப்படிதான் எல்லாமோ?"
"எங்க! அதுக்கு ஒரு றபாய் வந்து பார்க்கவேணும்.
கிளிநொச்சியில நான் றபாய்க்கு எங்க போறது?
இது மட்டும் மிரியத்துக்காக."

பிளேன்ரீ வந்தது. சீனி கூட.

மாடு தொடாத சுகிர்தாவுக்குக் கோழிச் சூப்.
நடுவில் மிதந்த வெள்ளை உருண்டையைக்
கரண்டியால் தட்டிப் பார்த்து
"மோதகம் குளிக்க வந்திருக்கு" என்றாள்.
உள்ளே ஒன்றும் இல்லை என்று முறைப்பட்டாள்.
பிறகு இன்னும் ஒன்று கேட்டு வாங்கினாள்.

நான் வாயை ஆவெனத் திறந்து கடித்தேன்.
றை மா இங்கே வந்துசேரக் கட்டாதாம்,
பாணில் பாதி குரக்கன்.
முதலில் உப்பு. பிறகு புகை.
அதற்கும் பிறகு கொழுப்பு
மெழுகுதிரி மாதிரி மெல்ல இளகி.
கடுகு உச்சிக்கு ஏறியது.
சுகிர்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"கடுகடி" என்றேன்.

ஒருநாள் சம்பளத்தில் முக்கால்வாசி.
காசு கொடுக்கும்போது சொன்னேன்:
"அந்த மெஷினை எடுத்துவிடுங்கோவன், அண்ணை."
"ஒழுங்கு வேணும் தங்கச்சி,
இல்லாட்டிச் சனம் முட்டுப்படும்."
அதுவும் சரிதான்.
கஞ்சி வரிசையில் முட்டுப்பட்டு விழுந்து
எழும்பாதவர்களையும் எனக்குத் தெரியும்.

வான் பரந்தன் தாண்டும்போது
புளிப்பாய் ஒரு ஏவறை வந்தது.
சுகிர்தா மூக்கைப் பொத்தினாள்.

அடுத்த சம்பளத்துக்கும் போவோம்.
கெக்கரி ஒன்று கூட வைக்கச் சொல்லவேணும்.